டோக்கியோவிடம் மணி கேட்காதீர்கள்

கடலூர் மாவட்டத்திலேயே மிகத் துல்லியமான கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தவர் டோக்கியோதான். அவரிடம் மணி கேட்டுவிட்டு உரிய நேரத்துக்கு எங்கேயாவது போய்ச் சேர்ந்த ஒரு ஆத்மாவை நான் பார்த்ததில்லை.

டோக்கியோ என்பது பட்டப்பெயர். அம்மா அப்பா வைத்த பெயரை ஆபீஸில் மேலதிகாரிகூட மறந்துவிட்டார். நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள். தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர் என்பதால் அவர் எனக்கு மாமா. நான் அவருக்கு மச்சான். உறவு அவ்வளவுதான், ஆனால் உறவுக்காரர்களோடுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய தங்கை வீட்டுக்காரர் 2005-ல் ஊருக்கு வந்தபோது அந்த வாட்ச்சைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். மறுநாள் பஸ்ஸில் டோக்கியோ என் மூக்குக்கு நேரே மணிக்கட்டை நீட்டினார்.

"பேட்டரி மாத்தற வேலையே கெடையாது மச்சான். வெயில் பட்டாப் போதும், ஓடும். ரேடியோ அலை வந்து அதுவே டைம சரி பண்ணிக்கும். லட்சம் வருஷத்துல ஒரு செகண்டு முன்னப் பின்ன போவும், அவ்ளோதான்."

"போவட்டும் மாமா, அப்ப யாரு நம்மளக் கேக்கப்போறாங்க? அது சரி, ரேடியோ அலை எங்கேருந்து வருது? பாண்டிச்சேரி ஸ்டேஷனா?"

"ஜப்பான்லேருந்து."

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வாட்ச்சில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. டெல்லி என்று வைத்தால் நம் நேரத்தைக் காட்டும், ஆனால் அலையைத் தேடாது. டோக்கியோ என்று வைத்தால் தேடும், ஆனால் ஜப்பான் நேரத்தைக் காட்டும். யாராக இருந்தாலும் டெல்லியில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் டோக்கியோவில் வைத்துவிட்டு, மூன்றரை மணி நேரத்தை மனக்கணக்காகக் கழிக்க ஆரம்பித்தார். மனக்கணக்கு அவருக்கு வராது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா அவசரமாக ஓடிவந்து கேட்பார். "மணி என்னாங்க?"

"ஒரு நிமிஷம்மா. அங்க பன்னண்டு பத்து. அதுல மூணு போனா ஒம்போது பத்து. அதுல அரை மணி போனா..." என்று கண்ணை மூடுவார். கண்ணைத் திறக்கும்போது அந்த அம்மாவும் இருக்க மாட்டார், அவர் பிடிக்க வந்த பஸ்ஸும் இருக்காது.

அடுத்தது வெயில். காலையில் தெற்கே போகும்போது பஸ்ஸின் இடது பக்கம் வெயில் அடிக்கும். சாயங்காலம் வடக்கே திரும்பும்போதும் இடது பக்கம்தான் அடிக்கும். ஊரே நிழல் சீட்டுக்குத் துண்டு போடும்போது, டோக்கியோ ராஜா மாதிரி இடது ஜன்னலோரம் உட்கார்ந்து கையை வெளியே நீட்டிக்கொள்வார். ரசாயன ஆலைகள் இருக்கும் குடிகாட்டைத் தாண்டும்போது நெடி தாங்காமல் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். இவர் ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கும்.

"சார், கைய உள்ள வெய்யிங்க. கம்பத்துல அடிச்சுக்கப்போவுது" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவார்.

"சாப்ட்டுக்கிட்டு இருக்கு சார். பாதியில எழுப்பக் கூடாது."

ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் தினமும் நிற்கும் ஒருவர், தனக்குத்தான் யாரோ கையாட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டு மாசம் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் பஸ்ஸில் ஏறிவந்து, "நீங்க நம்ம சைடுல யாருக்குச் சொந்தம்?" என்றே கேட்டுவிட்டார்.

இவ்வளவு செய்தும் ஜப்பான் அலை வரவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி 'யெஸ்' அல்லது 'நோ' என்ற எழுத்தில் போய் நிற்கும். இவருக்கு எப்போதும் 'நோ'தான். இடையில் கட்டடங்கள் மறைக்கின்றன என்று முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார். கரையோரம் நின்று, கிழக்கே கையை நீட்டி, வாட்ச்சையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுனாமி வந்துபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேண்ட் சட்டை போட்ட ஒரு ஆள் கடலையும் கடிகாரத்தையும் இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றால் யார்தான் பேசாமல் போவார்கள்? மீன் கூடையோடு போன ஒரு அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாய்யா பாக்கற? இன்னா வருது? சொல்லு!"

"சிக்னல் வருதான்னு பாக்கறேன்கா."

சொன்னதுதான் தாமதம், பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஓடவே தொடங்கினார்கள். டோக்கியோ அவர்கள் பின்னாலேயே ஓடி, "மணிங்க! மணிதாங்க வருது! வேற ஒண்ணும் வரல!" என்று கத்தினார். ஓடியவர்கள் திரும்பி வந்து, நல்லவேளையாகத் திட்டியதோடு விட்டார்கள், அடிக்கவில்லை. அவர் எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். விஷயத்தை முழுசாகக் கேட்ட பிறகு அந்த அக்கா வாட்ச்சைத் தொட்டுப்பார்த்துவிட்டு, "இதுக்காய்யா இம்மாந்தூரம் வந்த?" என்று சிரித்த சிரிப்பில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

டோக்கியோவுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் பாதிக் காரணம் வாட்ச்தான். பண்ருட்டியில் பெண் பார்க்கப் போன வீட்டில் உள்ளே நுழைந்ததும், "கிழக்கு எந்தப் பக்கங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை ஆசாரமானவர் என்று பெண்ணின் அப்பா பூரித்துப்போய் கிழக்கே பார்த்து நாற்காலி போட்டார். டோக்கியோ நாற்காலியை விட்டுவிட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி நின்றுகொண்டார். பெண் காபியோடு வந்தபோது மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

அதன் பிறகு வந்ததுதான் மேல்பட்டாம்பாக்கம் சம்பந்தம். பெண்ணின் பெயர் மலர்விழி. நெல்லிக்குப்பத்தில் டீச்சர். போட்டோவைப் பார்த்ததிலிருந்து டோக்கியோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இதுவும் போச்சுன்னா இனிமே எந்த வூட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன் மச்சான்" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் யாரும் வேண்டாம், முதலில் நாம் போய்ப் பார்ப்போம் என்று நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். வழியில் நெல்லிக்குப்பம் வந்ததும் டோக்கியோ வாட்ச்சைப் பார்த்து, கண்ணை மூடிக் கணக்குப் போட்டு, "ரொம்ப சீக்கிரம் வந்துட்டோம். எறங்கி ஒரு டீ அடிக்கலாம்" என்றார். பதற்றத்தில் மூன்றரைக்குப் பதில் நாலரை மணி நேரத்தைக் கழித்திருக்கிறார். என்னிடம் வாட்ச் இல்லை. அவரோடு சுற்ற ஆரம்பித்த பிறகு, அவர் மனசு கஷ்டப்படக் கூடாதென்று கட்டுவதை விட்டிருந்தேன்.

நிதானமாக டீ குடித்து, கடைக் கண்ணாடியில் தலை சீவி, அடுத்த பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது.

"மணி என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

உலகத்தில் வேறு எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் சமாளித்திருக்கலாம். டோக்கியோ கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷங்க. அதுல மூணு போனா..."

"இன்னாது போனா? ராகு காலம் பொறந்து கால் மணி ஆவுது! என் பொண்ணுக்கு இந்த நேரத்துலதான் மாப்ள பாக்கணுமா? போய்ட்டு வாங்க."

தப்பு எங்கே நடந்தது என்று டோக்கியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அவர் மேல தப்பில்ல, அந்த வாட்ச்சு ஜப்பான் டைம் காட்டுது" என்று உளறினேன். உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம். கதவுக்குப் பின்னாலிருந்து மலர்விழி வந்து நின்றார்.

"ஜப்பான்ல இப்ப மணி என்னா?"

"எட்டே கால்!"

பட்டென்று வந்தது பதில். வாட்ச் கட்டிய நாளிலிருந்து அவரிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

மலர்விழி அப்பாவைப் பார்த்தார். "அப்பா, அவுங்க வாட்ச்சுல ராகு காலம் முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சுப்பா. உள்ள கூப்புடுங்க."

பெரியவர் கோபமாகத்தான் இருக்கப் பார்த்தார். மீசை ஒத்துழைக்கவில்லை. முதலில் அது துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. "வாங்க மாப்ள" என்றார். நான் கேட்டேன், 'மாப்ள' என்றுதான் சொன்னார்.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. தேவனாம்பட்டினத்து அக்கா ஒரு வஞ்சிர மீனோடு வந்து, சைவச் சாப்பாட்டுப் பந்தியில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் எல்லோரையும் அலறவைத்தார்.

கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். பஸ்ஸில் மணி கேட்டேன். சட்டென்று சரியான நேரத்தைச் சொன்னார். வாட்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். டெல்லியில் இருந்தது.

"வூட்டுல அக்கா மாத்தச் சொன்னாங்களா மாமா?"

"சேச்சே. அவ ஒண்ணும் சொல்லல. கணக்குப் போட்டுக்கிட்டு நின்னா அவ பேசறது காதுல வுழ மாட்டேங்குது."

"அப்ப சிக்னல்?"

அவர் என் பிடியிலிருந்து கையை விடுவித்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். "இந்த ஊருக்கெல்லாம் அது வராது மச்சான். எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும். ஒருவேள வந்துட்டா நல்லாருக்குமேன்னுதான்."

2012-ல் அவருக்குக் கடலூருக்கே மாற்றல் வந்தது. நான் மட்டும் இன்னும் சில வருஷம் போய்வந்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் அப்படியொன்றும் பக்கமில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.