ஒயர்லெஸ் ராஜமாணிக்கம்

இனிமேல் என் காரில் ஒரே ஒரு பெண்தான் வழி சொல்லுவாள், அது என் மனைவி பானுமதியாக இருக்காது என்று ஒருநாள் நான் முடிவெடுத்தேன்.

பதறாதீர்கள். அந்தப் பெண் உள்ளங்கை அகல டப்பா ஒன்றுக்குள் இருந்தாள். பேர் ஜி.பி.எஸ். கார் கண்ணாடியில் ஒட்ட வைத்தால், வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைக் கேட்டு எங்கே திரும்பணும் என்று சொல்லுவாள். திரும்பாவிட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள். அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்ட மாட்டாள். வேறென்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு?

பானுமதி வழி சொல்லி நீங்கள் கேட்டதில்லை. விருத்தாசலம் பாலக்கரையில் நான் ஸ்டியரிங்கை லேசாக அசைத்தால் போதும்.

"ஏங்க, லெப்டு. லெப்டுங்க! பஸ்ஸு வரான் பாருங்க. ஐயோ, அந்த ஆட்டோக்காரன் உங்களத்தான் திட்டறான். அந்த மாடு கூட ஒதுங்குது, நீங்க ஒதுங்க மாட்டேங்கறீங்களே!"

மாட்டுக்குக் கிடைக்கிற பாராட்டு எனக்குக் கிடைப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அவள் சொல்கிற வழி எப்பவும் சரியாக வேறு இருந்து தொலைக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட். பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிறோம். அங்கே நான் சொன்னால் சூளை எரியும், நான் சொன்னால் அணையும். காரில் ஏறினால் ஹாரன் அடிக்கவே அனுமதி வாங்க வேண்டும். இந்த நிலைமையில்தான் என்னோடு படித்த மங்கலம்பேட்டை கவுஸ் பாய் துபாயிலிருந்து லீவில் வந்தார். வரும்போது எனக்காக அந்த டப்பாவைக் கொண்டுவந்தார்.

"மாணிக்கம், இதுல துபாய் மேப்புதான் இருக்குது. நம்ம ஊரு மேப்ப கம்ப்யூட்டர்லேருந்து ஏத்திக்க. ஒயரே வேணாம். புளூடூத்து இருக்குது. எல்லாம் காத்துலயே போயிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். பானுமதி குனிந்து பார்த்தாள்.

"பொட்டிக்குள்ள ஒயரு ஒண்ணு இருக்குதுங்க."

"ஒயரெல்லாம் பழைய காலம் பானு. இது ஒயர்லெஸ்."

"நாம சோறு திங்கறதே ஒயர நம்பித்தானங்க? ஊருல எல்லாரும் ஒயரு வேணாம்னுட்டா உங்க ஃபியூஸ் கட்டைய யாரு வாங்குவா?"

"எனக்கும் ஒயருக்கும் ஆவாதுன்னா ஆவாது. வுடு."

"சரி, வுட்டுட்டேன். அப்ப இனிமே வண்டில நான் வேணாமா?"

"நீ தாராளமா வா. வாய மட்டும் வூட்டுல வச்சிட்டு வா."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நேரம் கடந்துவிட்டது. பானுமதி கோபப்படவில்லை. சிரித்தாள். அவள் கோபப்பட்டால் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு போகும். சிரித்தால் என்னென்ன போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

"சரிங்க. ஞாயித்துக்கெழம வாசுகி புள்ளைக்குக் காது குத்தறாங்கல்ல? அங்க போறப்ப பாத்துடுவோம். என் குரலு உங்க காதுல விழாம நீங்க போயி சேந்துட்டீங்கன்னா, ஜென்மத்துக்கும் நான் வழி சொல்லல."

"விழுந்துட்டா?"

"கார் சாவிய என் கைல குடுத்துடுங்க. நான் டிரைவிங் கத்துக்கறேன்."

கார் ஓட்டக் கத்துக்கணும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கிளட்ச் சரியில்லை, ஆடி மாசம், மழை வர மாதிரி இருக்குது என்று நானும் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். அந்தச் சாவி ஒருதரம் அவள் கைக்குப் போனால் அப்புறம் என் கைக்கு வராது. பீரோ சாவி போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் டப்பா இருக்கிற தைரியத்தில் "சரி" என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

வாசுகி என் தங்கை. அவள் புருஷன் வீட்டுக் குலதெய்வம் கோயில், வேப்பூரைத் தாண்டி உள்ளே, ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. ஒரே ஒரு தரம் அங்கே போயிருக்கிறேன், அதுவும் தூங்கிக்கொண்டே. நான்தான் தாய்மாமன். என் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கம்மலும் என் பொறுப்பு. போய்ச் சேராமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உண்மையில் பானுமதியுடையது. அச்சாபீசுக்குக் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கிறாள். குடும்பத் தலைவன் என்கிற முறையில் அதற்கு நான் என் பேரை வைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புளூடூத் குச்சி ஒன்று வாங்கிவந்து சொருகினேன். "தேடு" என்று அமுக்கினேன். கம்ப்யூட்டர் தெருவையே தேடிக் கொடுத்தது. 'டெய்லர் பச்சமுத்து' என்று ஒன்று வந்தது. 'அம்மன் துணை' என்று ஒன்று. 'கிட்ட வராதே' என்று ஒன்று. கடைசியில் எழுத்தும் நம்பருமாகக் கலந்து ஒரு பேர் வந்தது. துபாய்ச் சரக்கு இப்படித்தான் இருக்கும் என்று அதன்மேல் அமுக்கினேன். பதில் இல்லை. மறுபடி அமுக்கினேன். விடுவேனா? அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டு சாமிக்கண்ணு நின்றார். கையில் ஒரு செல்போன். முகத்தில் களையே இல்லை.

"சார், ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் போனுல ஒண்ணு வந்து வந்து கேக்குது. 'ராஜமாணிக்கம் உங்களோட சேர விரும்புகிறார், சம்மதமா'ன்னு இங்கிலீஷ்ல."

"உங்க போனுலயா?"

"என்து இல்ல சார். எங்க வூட்டுக்காரி ஆதிலட்சுமி போனுல."

நாற்காலி என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அதற்குள் சமையல்கட்டிலிருந்து பானுமதி வந்துவிட்டாள்.

"ஆதிலட்சுமி என்னண்ணே பண்ணுச்சு?"

"மொதல்ல வேணாம், வேணாம்னு அமுக்கிக்கிட்டே இருந்துச்சும்மா. கடசில எரிச்சலாயி ஆமாம்னு அமுக்கிடுச்சு" என்றார் சாமிக்கண்ணு.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கண்ணே. இவரு சேரப் பாக்கறது கார் மிஷினோட. அதுவே இவர வேணாங்குது, ஆதிலட்சுமிக்கு என்ன தலையெழுத்து?"

சாமிக்கண்ணு நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

ரெண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரோஷம் வந்து உட்கார்ந்தேன். மேப்பில் அந்த ஏரியைத் தேடிப் பிடித்து, கோயில் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு "தேடு" என்றேன். என்ன ஆச்சரியம்! அந்த எழுத்தும் நம்பருமான பேர் பச்சைக் குறியோடு, தயாராக நின்றது. மிஷின் மனசு மாறிவிட்டது என்று பூரித்துப்போய், எங்கள் மாவட்டத்து மேப்பை அப்படியே அனுப்பினேன். கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. அது நகர்ந்து முடிவதற்குள் யூனிட்டுக்கு நேரமாகிவிட்டது. டப்பாவை மேசைமேல் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து பானுமதியின் குரல் கேட்டது.

"எடதுபக்கம் திரும்புங்க... வலதுபக்கம் திரும்புங்க... திரும்புங்கன்னா திரும்புங்க!"

"யாருகிட்ட பானு பேசற?"

"வாசுகிகிட்டங்க. போனுல" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள்.

மௌனவிரதம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால் மிச்சம் மீதி வழியையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்கிறாள் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். டப்பாவைப் போட்டுப் பார்த்தேன். துபாயைக் காணோம்! பழமலைநாதர் கோயில் இருந்தது. ஜங்ஷன் இருந்தது. எங்கள் தெரு இருந்தது. ஏரிக்கரைப் புள்ளியும் பளிச்சென்று இருந்தது.

"பானு! ஏறிடுச்சுடி! ஒயர் இல்லாம, காத்துலயே ஏறிடுச்சு!"

"அப்படியா? கெட்டிக்காரருங்க நீங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. அப்பவே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே? நேராகத் தெருவுக்கு ஓடினேன். சாமிக்கண்ணுவிடம் சொன்னேன். பச்சமுத்து டெய்லரிடம் சொன்னேன். யூனிட்டில் சூளைக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். இனிமேல் என்னை ஒயர்லெஸ் ராஜமாணிக்கம் என்று கூப்பிடலாம் என்றும் நானே சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பானுமதி பட்டுப்புடவையில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டினாள். விரதம் ஆரம்பமாம். நான் டப்பாவைக் கண்ணாடியில் ஒட்டி, புள்ளியை அமுக்கி, ராஜா மாதிரி வண்டியை எடுத்தேன். பாலக்கரை வந்தது. டப்பா தொண்டையைச் செருமியது.

"எடதுபக்கம் திரும்புங்க. மெதுவா! பஸ்ஸு வரான் பாருங்க."

பிரேக்கில் ஏறி நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் என் வம்சத்தையே விசாரித்தான். நான் பானுமதியைப் பார்த்தேன். அவள் உதடு ஒட்டியபடியே இருந்தது.

"பானு, நீதான பேசுன?"

இல்லை என்று தலையாட்டினாள். விரலால் டப்பாவைக் காட்டினாள். டப்பா மறுபடி பேசியது.

"எடதுபக்கம் திரும்புங்கன்னா திரும்புங்க!"

அதே குரல். அதே அதட்டல். துபாய்க்காரியைக் காணோம். டப்பாவுக்குள் என் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. ஒன்றையே சமாளிக்க முடியாதவனுக்கு ரெண்டு.

"இது மோசடி!" என்று கத்தினேன். பக்கத்து பானுமதி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாள். நான் டப்பாவை அணைத்தேன். மோசடியாக விழுந்த குரல் பந்தயத்தில் சேராது, மீதிக்கு என் மூளை இருக்கிறது, நானே போய்ச் சேருவேன் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

வேப்பூர் வரைக்கும் என் மூளை நன்றாகத்தான் வேலை செய்தது. கூட்டுரோட்டில் திருச்சிப் பக்கம் போனேன். அது தப்பு என்று ஒரு பரோட்டாக் கடையைத் தாண்டின பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து உள்ரோட்டில் நுழைந்தேன். தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு வண்டிப்பாதையானது. ரெண்டு பக்கமும் மக்காச்சோளம். எதிரே முட்டுச்சந்து. போன் அடித்தது. வாசுகி.

"அண்ணே, எங்க இருக்கறீங்க? பத்தரு வந்து உக்காந்துட்டாரு. நல்ல நேரம் முடியப் போவுது. மடி இல்லாம எப்புடி காது குத்தறது?"

"பக்கத்துல வந்துட்டேன்மா. தோ, கோயிலு தெரியுது." தெரிந்தது ஒரு மோட்டார் கொட்டகை.

"சீக்கிரம் வாங்கண்ணே. இல்லன்னா எங்க பெரிய மாமனாரு, 'அவன் மடி வராட்டி வேற மடியில வச்சிக் குத்துவோம்'ங்கறாரு!"

என் தங்கை பிள்ளைக்கு வேறு ஒருவன் மடியா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் வெட்கத்தை விட்டு வழி கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பானுமதியைப் பார்த்தாள்.

"உங்க வூட்டம்மாவ கேளு சாமி. அது தெரிஞ்ச மாதிரி சிரிக்குதே."

"பானு, தாயே, எந்தப் பக்கம்?"

பானுமதி உதட்டின்மேல் விரல் வைத்தாள். விரதமாம்.

டப்பாவைப் போட்டால் சாவி போகும். போடாவிட்டால் என் மருமகன் காது போகும். பொத்தானை அமுக்கினேன். டப்பா கொஞ்ச நேரம் யோசித்தது. என்னை விட்டுவைத்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். விடவில்லை.

"தப்பா வந்துட்டீங்க. நான் சொன்னா எப்ப கேட்டிருக்கறீங்க? வண்டிய திருப்புங்க."

திருப்பினேன். "வலதுபக்கம்" என்றாள், போனேன். "எடதுபக்கம்" என்றாள், போனேன். ஒரு முணுமுணுப்புக் கூட இல்லை. ஏரிக்கரை வந்தது. மேளம் கேட்டது. வாசுகியும் அவள் புருஷன் வீட்டுச் சனமும் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடியெல்லாம் இறக்கியிருந்தது. அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி டப்பா கடைசியாகப் பேசியது.

"வந்து சேந்துட்டோம். எறங்குங்க. சாவிய குடுங்க."

பக்கத்து பானுமதி வாயைத் திறக்கவே இல்லை. கையை மட்டும் நீட்டினாள். கொடுத்தேன்.

என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பையன் வீல் என்று கத்தினான். அவனுக்காவது கத்த முடிந்தது.

சாப்பிட்டு எழுந்த பிறகு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காத்துல நான் ஏத்துன மேப்புக்குள்ள உன் குரலு எப்புடி பானு வந்துச்சு?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு ஒயரை எடுத்துக் காட்டினாள். பெட்டியோடு வந்த அதே ஒயர்.

"நீங்க ஏத்துனது ஆதிலட்சுமி போனுல இருக்குது. அதான் ஆமாம்னு அமுக்கிடுச்சே. போட்டோ எடுக்க எடமே இல்லன்னு திட்டித் தீக்குது. மிஷினுல நான்தான் இந்த ஒயரப் போட்டு ஏத்துனேன். குரலும் பதியலாம்னு கூட வந்த புத்தகத்துல போட்டிருந்துச்சு. பதிஞ்சேன்."

இப்போது ஜங்ஷன் பக்கத்து மைதானத்தில் பானுமதி கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து லெப்டு, ரைட்டு என்று கத்துகிறேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நேற்று மெதுவாகக் கேட்டேன்:

"பானு, அந்த மிஷினுல என் குரலயும் ஒருதரம் பதிஞ்சிடேன்."

அவள் கியரை மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"அதுக்கு ஒயரு வேணுங்க. உங்களுக்குத்தான் ஒயரே ஆவாதே."