வேலி தாண்டிய மூக்கு

வவுனியாவில் அந்தக் காலத்தில் இரண்டு ரெயில்பாதைகள் இருந்தன. ஒன்று கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும். மற்றது பயர்மன் அண்ணரின் கிணற்றடியில் புறப்பட்டு வாழைக்குள் போய் விழும். முதலாவதைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு நான்தான் மிஞ்சியிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் லொறி கழுவினேன், மரக்காலையில் பலகை தூக்கினேன், கனகராயன்குளம் பக்கம் றோட்டுக்குக் கல் உடைத்தேன். எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் பயர்மன் அண்ணர் வீட்டுச் சுவரோடு இறக்கிய சார்ப்பில் பாயை விரித்தேன். படுக்க இடமும் ஒரு நேரச் சோறும் கிடைத்தன. பதிலுக்கு, எஞ்சின் விழும்போதெல்லாம் தூக்கி வைக்க வேண்டும். கல் உடைப்பது இதைவிடச் சுகம் என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணர் பெரிய நீராவி எஞ்சின்களில் பயர்மனாகக் காலம் முழுவதும் கரி அள்ளிப் போட்டவர். எஞ்சின் ஓட்டும் றைவராகும் முறை வந்தபோது கண் பரிசோதனையில் நின்றுவிட்டார். தூரத்துச் சிக்னல் தெரியவில்லை. ஓய்வு பெற்று வந்த கையோடு, தானே ஓர் எஞ்சின் செய்து தானே ஓட்டுவது என்று முடிவெடுத்தார். இதற்குக் கண் ஒரு பிரச்சினை இல்லை. அவருடைய பாதையில் தூரம் என்பதே கிடையாது.

பழைய இரும்பும், கொல்லர் அடித்துக் கொடுத்த செப்புக் கொதிகலனும் சேர்ந்து எஞ்சின் உருவானது. ஆள் ஏறி இருந்து ஓட்டலாம். நீளம் ஒரு மாட்டுவண்டி அளவு. வீடு நிற்கும் வளவோ, அதே மாட்டைக் கட்டினால் வால் பக்கத்து வளவுக்குள் ஆடும் அளவு. கிணற்றையும் சமைக்கிற குசினியையும் தவிர்த்துவிட்டு, மிச்ச இடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டிருந்தார். நேர்பாதை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

“இஞ்சேருங்கோ, எஞ்சினைக் கொஞ்சம் சின்னனாக்கினால் என்ன?” என்று அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவா, அரிசி புடைத்துக்கொண்டே கேட்பா.

“சின்னனாக்கினால் எதுக்கு மேல இருந்து ஓட்டுறது? நீ வேணுமெண்டால் குசினியைச் சின்னனாக்கு.”

அக்கா சுளகைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவா. எஞ்சின் புறப்படும், வளைவுக்கு வரும், ஒரு முனகல் முனகிவிட்டு வாழைக்குள் சரியும். ஒரு வாழைக்குலை அந்த வீட்டில் முற்றியதை நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் முழுக்க அண்ணர் சேற்றில் குப்புறப் படுத்து எஞ்சின் உருளும் சில்லுகளையே பார்த்தார். பக்கத்துக்கு மூன்று பெரிய சில்லுகள். முன்னதும் பின்னதும் வளையத் தயார். நடுச்சில்லுதான் தன் விளிம்பால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நேரே போக நிற்கிறது. இரண்டு பக்கத்து நடுச்சில்லுகளின் விளிம்பையும் அரத்தால் ராவி எடுத்தார். இப்போது அவை தண்டவாளத்தின் மேல் சும்மா உருண்டன. எஞ்சின் வளைவில் திரும்பியது. வாழை தப்பியது.

ஆனால் நீள எஞ்சின் குறுகிய வளைவில் திரும்பினால் மூக்கு வெளியே தள்ளும். தள்ளிய மூக்கு வேலியின் ஓலைக் கிடுகைக் கிழித்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே வெள்ளை வேட்டியோடு நின்றவர் கிளாக்கர். ஒரு வக்கீலிடம் எழுத்து வேலை பார்ப்பவர். வேலி ஒரு விரல் நகர்ந்தாலும் வழக்குப் போடக்கூடியவர்.

“ஐசே, உம்மட எஞ்சின் என்ர காணிக்குள்ள வருகுது.”

“தண்டவாளம் என்ர காணியிலதான் கிடக்குது.”

“மூக்கு?”

“மூக்கு வந்த உடன திரும்பிப் போகுதுதானே. அங்க தங்கிறேல்லை.”

கிளாக்கர் ஊர் அதிகாரியான விதானையாரைக் கூட்டி வந்தார். விதானையார் வேலியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். வேலிக்கு மேலால் வரும் மரக்கொப்பை வெட்டுவது ஊர் வழக்கம் என்றார். மூக்கும் கொப்பு மாதிரித்தான். வெட்ட வேண்டும், அல்லது ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

அண்ணர் எஞ்சினின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார். அதுவரைக்கும் எஞ்சின் ஒரு தடவைகூட முழு வட்டம் வந்ததில்லை.

“வெட்டாதேங்கோ, நிப்பாட்டுறன்,” என்றார். “ஆனால் அதுக்கு முதல் ஒருக்கா முழுசா ஓடவேணும்.”

கிளாக்கருக்குச் சந்தேகம். “இவர் எஞ்சினைச் சரிச்சு ஓட்டி மூக்கை ஒளிச்சுப்போடுவார். நானும் ஏறி இருந்து பாக்கவேணும்.”

ஏறிப் பின்னால் குந்தினார். அண்ணர் எரிக்கிற தேங்காய்ச் சிரட்டை நிறைந்த கடகத்தை அவர் மடியில் வைத்தார்.

“உதில இருக்கிறவர் சும்மா இருக்கேலாது. நெருப்புப் போடவேணும்.”

எஞ்சின் புறப்பட்டது. கிணற்றடி கடந்தது, வாழை கடந்தது. கிளாக்கர் ஒவ்வொரு சிரட்டையாக, பத்திரம் எழுதுவதுபோல் கவனமாகப் போட்டார். வேலியில் மூக்கு உள்ளே போனது, வெளியே வந்தது. எஞ்சின் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. அண்ணர் கைபிடியை விடவில்லை.

விதானையார் கேட்டார்: “முறைப்பாட்டுக்காரரே எஞ்சினில இருந்து நெருப்புப் போட்டால் நான் ஆரில குற்றம் எழுதுறது?”

கிளாக்கரின் வேட்டி கரி, நெற்றித் திருநீறும் கரி. தொண்டையைச் செருமினார்.

“மூக்கு வந்ததோ எண்டு வடிவாத் தெரியேல்லை. இன்னொருக்கா ஓடிப் பாத்தால்தான் சொல்லலாம்.”

இன்னொருமுறை ஓடினார்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை. பொழுதுபட விதானையார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கிழமை கிளாக்கர் வேலியை அந்த இடத்தில் மட்டும் தன் பக்கமாக ஒரு சாண் வளைத்துக் கட்டுவித்தார். வேலிக்கு வயிறு வைத்ததுபோல் இருந்தது. நானும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு மரம் ஏற்றிய லொறியில் அந்தப் பக்கம் வந்தபோது, அண்ணர் காலமாகியிருந்தார். எஞ்சினைக் காட்டுக்கொடி மூடியிருந்தது. கிளாக்கர் ஆள் வைத்துப் புதுக் கிடுகு போட்டு வேலி அடைத்துக்கொண்டிருந்தார். கூலிக்காரன் கயிற்றை நேராக இழுத்துப் பிடித்து, இனி இதை ஏன் வளைக்கவேணும், நேரே கட்டுவோமே என்றான்.

“வேண்டாம், முந்தி இருந்தபடியே கட்டு,” என்றார் கிளாக்கர். “றைவர் எஞ்சினைத் திருப்பேக்கை மூக்கு இடிக்கும்.”