ஐந்துக்கு மூன்று

திரையில் மூன்று என்று இருந்தது. மன்னிப்பு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். அப்போதும் மூன்றுதான்.

சலவை இயந்திரம்: ஐந்து. வீட்டுக்கு வந்த மெக்கானிக்: ஐந்து. தொலைபேசியில் குறை கேட்ட அலுவலர்: மூன்று.

குறை கேட்ட அலுவலர் அவன்தான். மார்க்கு போட்டவள் அவன் காதலி.

சலவை இயந்திர நிறுவனம் ஒன்றில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் மன்னிப்புக் கேட்பது அவன் வேலை. அலுவலகத்தில் அதுவே அவன் பெயராகிவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் ஒருத்தி கூப்பிட்டு, துணியைப் போட்டால் மெஷின் சமையலறை வரைக்கும் நடந்து வருகிறது என்று புகார் சொன்னாள். இவன் மன்னிப்புக் கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். மெஷின் நடப்பது நின்ற பிறகும் இவர்கள் பேச்சு நிற்கவில்லை.

கதைப் புத்தகமாக இருந்தால், இருவரும் கைகோத்த இடத்தில் கடைசிப் பக்கம் வந்திருக்கும். அதற்கடுத்த திங்கட்கிழமையைப் பற்றி எந்தப் புத்தகமும் மூச்சு விடுவதில்லை.

இன்று அந்தத் திங்கட்கிழமை.

புகார் தீர்ந்த அறுபதாம் நாள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மார்க்கு கேட்பது நிறுவனத்தின் வழக்கம். தன்னைப் பற்றித் தானே கேட்கக் கூடாது என்பதால், பக்கத்து இருக்கை அக்கா கூப்பிட்டிருந்தாள். அவளிடம் துருவிக் கேட்கவும் வழியில்லை. காதல் விஷயம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

"என்ன தம்பி, முகம் தொங்கிக் கிடக்கு?"

"ஒரு கஸ்டமர் மூணு போட்டிருக்காங்கக்கா."

"மூணு பாஸ் மார்க்குதானே. விடு."

"மெக்கானிக்குக்கு அஞ்சுக்கா!"

"அவன் ஆளும் பார்க்க நல்லாத்தானே இருப்பான்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த அழைப்பை எடுத்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காதலியின் அப்பாவை இவன் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. உங்கள் பெண்ணிடம் மூன்று மார்க்கு வாங்கியவன் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? அதற்குள் எப்படியாவது ஐந்தாக்க வேண்டும்.

மூன்று வந்தால் என்ன செய்வது என்பது அவனுக்கு மனப்பாடம். முதலில் வருத்தம் தெரிவி. பிறகு காரணம் கேள். கடைசியில் ஈடு செய். ஏழு வருட வேலையில் இது தோற்றதே கிடையாது.

செவ்வாய்க்கிழமை மாலை, மருத்துவமனைக்கு எதிரே இருந்த காபிக் கடையில் ஆரம்பித்தான்.

"நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எதுக்கு?"

"உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு."

"என்ன சிரமம்?"

"எதுவா இருந்தாலும்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணுமே பண்ணலையே!"

"ஒண்ணும் பண்ணாதவன் மன்னிப்புக் கேப்பானா?"

தினமும் நாற்பது தடவை அப்படித்தான் கேட்கிறான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? காபியை ஒரே மடக்காகக் குடித்தான். நாக்கு வெந்தது.

புதன்கிழமை, இரண்டாவது படி. தொலைபேசியில் என்றால் தன் குரல் நன்றாக வேலை செய்யும் என்று நம்பினான்.

"இந்த ரெண்டு மாசத்துல என்கிட்ட உனக்குப் பிடிக்காதது என்னென்ன? தயங்காம சொல்லு. எழுதிக்கறேன்."

"எழுதிக்கறியா?"

"வரிசையா சொன்னா இன்னும் நல்லது."

"விட்டுட்டுப் போறதுக்குக் காரணம் தேடறியா? அதையும் என் வாயாலயே சொல்ல வைக்கணுமா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல! உன் கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"எங்களுக்கா? யாரு அந்த இன்னொருத்தி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை, ஈடு. கைக்கடிகாரக் கடையில் இரண்டு மணி நேரம் நின்று, நீலப் பட்டை வைத்த ஒன்றை வாங்கினான். கூடவே ஒரு சீட்டு எழுத வேண்டும். மனது நிறையச் சொல்ல இருந்தது. கைதான் ஏழு வருடப் பழக்கத்தில் தானாகவே எழுதிவிட்டது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி. இத்துடன் இந்த விஷயம் முடித்துவைக்கப்படுகிறது.' பெட்டி எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், என்ன எழுதினோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அதற்குள் அவள் தொலைபேசியை அணைத்துவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கையில் அந்தப் பெட்டியோடு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"யாருங்க இங்க விஷயத்தை முடிச்சுவைக்கிறவர்?"

அவள் வேலையிடத்தில் சொல்வதுபோல 'மூச்சைப் பிடிங்க' என்று சொல்லவில்லை. ஆனாலும் அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை யாரும் வரலைன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். இந்தா, உன் கடிகாரம். உன் எலும்பை வேணா நான் படிச்சிடுவேன். மனசுல என்ன இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியலை."

"ஆரம்பிச்சது நீதானே!" மன்னிப்புக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. திரையை அவள் பக்கம் திருப்பினான். "மெஷினுக்கு அஞ்சு. மெக்கானிக்குக்கு அஞ்சு. எனக்கு மூணு!"

அவள் குனிந்து படித்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

"இதுக்காகவா நாலு நாளா இந்தக் கூத்து?"

"உனக்கு இது கூத்தா?"

"லூசு. உன்னைப் பத்திக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த ஆளுக்கெல்லாம் மார்க்கு போட முடியாதுங்கன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன்."

"முடியாதுன்னா?"

"அஞ்சுக்குள்ள அடக்க முடியாதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து சேரு. வந்து அவர்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுடாதே."

யாரோ கைதட்டினார்கள். மன்னிப்புக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவள் வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றவன், மெல்லத் திரையின் பக்கம் திரும்பினான்.

"அப்போ இந்த மூணு எங்கேயிருந்து வந்துச்சு?"

அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள். "கட்டம் காலியா இருந்தா ஃபாரத்தை மூட முடியலை தம்பி. அதான், ஏழு வருஷமா உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேனே, எனக்குத் தெரியாதான்னு, நானே போட்டேன்."