நான்கு மணி நேரம் ஆகும் என்று சொல்லவும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். கையில் போன் இருக்கும்போது மனிதன் காகிதத்தில் எழுதுவானா என்று தங்களுக்குத் தோன்றலாம். தங்கள் போன் அடித்தால் என் மகள் எடுக்கிறாள், செய்தி வந்தால் என் மகள் படிக்கிறாள். இது நாம் இருவர் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். அதனால்தான் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

தாங்கள் வாங்கித் தந்த புதிய கணினியைப் பற்றியும், அதில் ஏற்றித் தந்த எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பைப் பற்றியும் என்னிடம் ஒரு குறையும் இல்லை. குறையே இல்லாததுதான் இப்போது என் குறை. அந்தப் பெட்டியைக் கடைத்தெருவில் இருக்கும் என் எடிட்டிங் அறை வரைக்கும் மாடிப்படியில் தாங்களே தூக்கி வந்தீர்கள். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புது வசதியையும் பொறுமையாகக் காட்டினீர்கள். இரண்டாம் நாள், "மாமா, முன்னாடி ரெண்டர் போட்டா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டீர்கள். நான் யோசிக்காமல் "நாலு மணி நேரம்" என்றேன். வெட்டி ஒட்டிய காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே வீடியோவாக்கும் அந்த வேலையைத் தாங்கள் உடனே தொடங்கிவைத்து, "இப்ப பாருங்க" என்றீர்கள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த நீலக் கோடு இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான்கு நிமிடம். தாங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பைத் தாங்கள் உற்றுக் கவனித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் ரெண்டருக்கு இருந்த இடம் தங்களுக்குத் தெரியாது. மற்ற வீடுகளில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மரியாதையை எங்கள் வீட்டில் ரெண்டருக்குக் கொடுத்தார்கள். "ரெண்டர் ஓடுது" என்று நான் போனில் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அது என்ன என்று யாருக்கும் தெரியாது, பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். இயந்திரம் தானாக ஓடும்போது மனிதன் எதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று உறவினர் யாரோ ஒருமுறை கேட்டதற்குத் தங்கள் அத்தை, "அது ஓடும்போது பக்கத்துல ஆள் இருக்கணும், இல்லைன்னா நின்னுடும்" என்று விளக்கினாள். இதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. தன் நல்ல மனத்திலிருந்து அவளே எடுத்துக்கொண்டது. நான் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் அது உண்மையாகவே இருந்தது என்பதையும் எழுத வேண்டும். நான் தொழில் தொடங்கிய வருடத்தில் ஒரு கல்யாண வீடியோவுக்கு ஆறு மணி நேரம் ஆகும். பாதியில் நிற்கவும் செய்யும். பிறகு ஒரு பதிப்பு வந்தது, ஆறு நான்காயிற்று. இன்னொன்று வந்தது, நான்கு இரண்டாயிற்று. அப்புறம் நாற்பது நிமிடம், இருபது நிமிடம். ஒவ்வொரு முறையும் 'வேகம் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று திரையில் ஒரு அறிவிப்பு வரும். நான் அதைப் படித்துவிட்டு மூடிவிடுவேன். வீட்டில் மட்டும் அது நான்கு மணி நேரமாகவே நின்றுவிட்டது. எங்கேயோ எத்தனையோ பொறியாளர்கள் கண் விழித்து உழைத்து மிச்சப்படுத்தித் தந்த நேரம் முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு அதில் ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் கெட்ட காரியம் எதுவும் செய்துவிடவில்லை. என் அறைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கிறதல்லவா, அந்தக் கடைக்காரரோடு சதுரங்கம் ஆடினேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருந்தது.

தாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது அத்தையிடம், "இனிமே மாமாவுக்கு நாலு மணி நேர வேலையெல்லாம் நாலு நிமிஷம்தான் அத்தை" என்று சொல்லியிருக்கிறீர்கள். சந்தோஷமான செய்தி என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள். அதைத் தாங்கள் என்னிடமும் சொல்லியிருக்கலாம். அடுத்த வியாழக்கிழமை மதியம் என் சகலை தன் வெளிநாட்டுப் பயணப் படங்களைக் காட்டுவதற்காக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார். எண்ணூறு படங்கள். நான் வழக்கம்போல வீட்டுக்கு போன் போட்டு, ரெண்டர் ஓடுகிறது, நாலு மணி நேரம் ஆகும் என்றேன். "சரி" என்றாள் தங்கள் அத்தை. அந்த 'சரி' கொஞ்சம் சீக்கிரமாக வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். நான் ஜெராக்ஸ் கடைக்குள் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டர் ஓடுதா?"

"ஓடுது."

"எங்கே?"

என் அறையைக் காட்டினேன். அதுதான் தவறு. இந்தப் புதிய பதிப்பில் வேலை முடிந்தால் திரை முழுவதும் ஒரு பச்சை 'டிக்' வந்து நிற்கும் வசதியைத் தாங்கள் ஏற்கெனவே எனக்கு விளக்கியிருந்தீர்கள். தூரத்திலிருந்தே தெரியும் என்றீர்கள். தூரத்திலிருந்தே தெரிந்தது.

ஜெராக்ஸ்காரர் எனக்கு உதவுவதாக நினைத்து, "இவ்வளவு நேரமும் ஓடிச்சும்மா, இப்பத்தான் முடிஞ்சுது" என்றார்.

அவள் அவரைப் பார்த்து, "உங்க வீட்ல எதுமேல பழி போடுவீங்க? அந்த மிஷின் மேலயா?" என்றாள். அவர் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நகல் எடுக்க ஆரம்பித்தார். நாங்கள் போகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அலமாரியிலிருந்து குடும்ப ஆல்பங்களை இறக்கினாள். இப்போது வேளைக்கு ஒன்றாக நான் இல்லாத ஒரு புகைப்படத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். வைத்துவிட்டு, "அன்னைக்கு என்ன வீடியோ?" என்று கேட்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று படம். இதுவரை தீரவில்லை. இதில் இன்னொரு சங்கடம், பல படங்களில் நான் நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் மாடி வீட்டு வங்கி அதிகாரி நிற்கிறார். யாராவது ஒருவர் நிற்கட்டுமே என்று கூப்பிட்டிருப்பார்கள். பாவம், கூப்பிட்டபோதெல்லாம் வந்திருக்கிறார்.

நான் அப்படியொன்றும் காணாமல் போய்விடவில்லை என்று நிரூபிக்கலாம் என நினைத்து, தாங்கள் காட்டித் தந்த முகம் தேடும் வசதியைப் பயன்படுத்தினேன். என் பழைய கேமராவில் அவள் வருடக்கணக்காக எடுத்து வைத்திருந்த வீட்டு வீடியோக்கள் எல்லாவற்றையும் ஏற்றி, என் முகத்தைக் காட்டி, தேடச் சொன்னேன். நாற்பத்தொரு காட்சிகள் வந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. திறந்து பார்த்தால் முப்பத்துநான்கில் இருப்பவர் வங்கி அதிகாரி. இருவருக்கும் வழுக்கை, இருவருக்கும் மீசை. மென்பொருளுக்கே சந்தேகம் வந்து, 'இவர்கள் இருவரும் ஒரே நபரா?' என்று என்னைக் கேட்டது. 'ஆம்' என்று அமுக்கியிருந்தால் நாற்பத்தொன்றும் என் பெயரில் சேர்ந்திருக்கும். நான் 'இல்லை' என்று அமுக்கினேன். இந்தக் கடிதத்தில் நான் தலைநிமிர்ந்து எழுதக்கூடிய வரி இது ஒன்றுதான். மீதி ஏழு காட்சிகளில் ஐந்தில் நான் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு கணினியை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. அந்த வீடியோக்களில் ஒன்று என் மகள் பத்தாம் வகுப்பில் நானூறு மீட்டர் ஓடிய நாளில் எடுத்தது. மைதானத்துக் கூச்சல், விசில், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து ஒன்றும் கேட்காது. கூட்டத்தின் இரைச்சலை நீக்கிப் பேச்சை மட்டும் எடுத்துத் தரும் வசதி ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கூட்டம் கலைந்து போய்விட்டது. கேமராவுக்கு மிக அருகில் என் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா வந்தாச்சா?"

"ரெண்டர் ஓடுதும்மா. அது ஓடும்போது பக்கத்துல ஆள் இருக்கணும்ல?"

"சரி."

அப்புறம் அவள் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிறாள். அந்த 'சரி' எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை அந்த மென்பொருளைச் செய்தவர்கள் கேட்டால் பெருமைப்படுவார்கள்.

மாப்பிள்ளை, அன்றைக்கு ரெண்டர் மூன்றேகாலுக்கு முடிந்துவிட்டது. ஓட்டம் நான்கு மணிக்கு. பள்ளிக்கூடம் என் அறையிலிருந்து நடந்து போனால் எட்டு நிமிடம். அன்று ஆட்டத்தில் நான் ஜெயிக்கிற நிலையில் இருந்தேன். பாதியில் எழுந்து போக மனம் வரவில்லை. அவள் இரண்டாவதாக வந்தாள் என்று மாலை வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டேன். "ரெண்டர் முடிஞ்சுதாப்பா?" என்று அவள்தான் என்னை விசாரித்தாள். அத்தனை வருடம் சொன்னதில் இந்த ஒன்றைத் திரும்பப் பெற முடியுமானால் மற்றதற்கெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் படம் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவேன்.

அந்த வீடியோவை நான் கேட்டுக்கொண்டிருந்தபோது தங்கள் அத்தை கேரியரோடு வந்து எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க பொய் சொன்னீங்க, போகுது. என் வாயாலேயே புள்ளைக்குப் பொய் சொல்ல வச்சுட்டீங்களே" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவளுக்கு போன் பண்ணி நானே சொல்லிடப் போறேன்."

இதற்காகத்தான் இந்தக் கடிதம். தாங்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அத்தைக்கு போன் செய்து, தாங்கள் சொன்ன நான்கு நிமிடம் இந்தப் புதிய பதிப்புக்கு மட்டும்தான் என்றும், மகள் ஓடிய வருடத்துப் பதிப்பில் கண்டிப்பாக நான்கு மணி நேரம் ஆகும் என்றும் சொல்லவும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதையும் முடிந்தால் சேர்த்துக்கொள்ளவும். தாங்கள் சொன்னால் அவள் நம்புவாள். இப்போதெல்லாம் நான் மணி என்ன என்று சொன்னால்கூட அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இந்தக் கடிதத்தில் பொய் இல்லை என்று மேலே எழுதினேன். அது சரிதான். பொய் தாங்கள் செய்யப்போகும் போனில்தான் இருக்கிறது. என் மகளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அவளிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கும் அளவுக்கு என்னிடம் முகம் எதுவும் மிச்சமில்லை.

தங்களுக்கு உடல் நலமும் அலுவலகத்தில் நல்ல பெயரும் நிலைக்கட்டும். மனைவி கூப்பிட்டால் போட்டது போட்டபடி எழுந்து போகும் புத்தி தங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உறையை எடுத்த பிறகுதான் தங்கள் அலுவலக முகவரி என்னிடம் இல்லை என்பது தெரிந்தது. மகளுக்கு போன் செய்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "எதுக்குப்பா?" என்றாள். ஒரு கடிதம் என்றேன். "இந்தக் காலத்துல கடிதமா? எங்கே, படி" என்றாள். திரையில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எனக்குச் சட்டென்று ஒரு பதில் வந்திருக்கும். ஒன்றும் ஓடவில்லை. முதல் வரியிலிருந்து படித்தேன். அவளுக்குத் தெரியக் கூடாது என்ற இடத்தைக்கூடத் தாண்டிப் படிக்கத் தெரியாமல் அப்படியே படித்துவிட்டேன்.

கடைசிவரை கேட்டுவிட்டு, "ஜெயிக்கிற நிலையில எல்லாம் இல்லப்பா நீ. உன்கிட்ட ஒரு ராஜாவும் ரெண்டு சிப்பாயும்தான் இருந்துது" என்றாள். கோப்பையைக் காட்டுவதற்காக அன்று மைதானத்திலிருந்து நேராக ஓடி வந்து என் அறையின் மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருக்கிறாள். "தோத்துக்கிட்டிருக்கற ஆளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இறங்கிப் போயிட்டேன்" என்றாள். அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க நம்பிக்கிட்டிருந்தாங்க. ஒருத்தராவது நம்பட்டும்னுதான்."

கணினியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தானாம். கடையில் இருப்பதிலேயே வேகமானது எது என்று கேட்டு வாங்கி, வசதிகளையெல்லாம் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். தாங்கள் தூக்கி வந்ததற்கு மட்டும் என் நன்றி.

போனை வைப்பதற்கு முன், "அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே. ஞாயித்துக்கிழமை அவங்க சொல்லட்டும். நான் இப்பத்தான் கேக்கற மாதிரி கேட்டுக்கறேன்" என்றாள். ஆகவே தங்களிடம் நான் ஒப்படைக்கப் பார்த்த வேலையை அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது தாங்கள் ஒன்றும் பேச வேண்டாம், மாப்பிள்ளை. அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.