எச்சிலுக்குக் காவல்

"குழந்தை பால் குடிச்சு ஒரு மணி நேரம் முழுசா ஆகணும். அதுக்கப்புறம் வந்துதான் எச்சில் எடுப்பேன். நடுவுல ஒரு சொட்டு உள்ள போனாலும் மறுபடி முதல்லேருந்து" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த அறைக்கு நகர்ந்தார்.

"அது என் பொறுப்பு சிஸ்டர்" என்றார் போர்மேன்.

அவர் ஒரு லேத் பட்டறையில் போர்மேன். நூலிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற ஆள். நாற்பதைத் தாண்டிய பிறகு பிறந்த முதல் குழந்தை, பெண். பிறந்த நிமிடத்திலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. குழந்தையின் எடை, முடி, மூக்கு எல்லாவற்றுக்கும் பெருமைப்பட்டு முடித்து, நகம் வரைக்கும் வந்திருந்தார். "என்ன ஃபினிஷிங் பாருங்க டாக்டர்" என்று அந்தச் சுண்டுவிரல் நகத்தைப் பெரிய டாக்டரிடமே காட்டினார். டாக்டரும் பார்த்துவிட்டு, நல்ல நகம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அப்படிப்பட்ட பெண்தான் காது பரிசோதனையில் தேறவில்லை என்று இன்று காலையில் வந்து சொன்னார்கள்.

"என் பொண்ணு ஃபெயிலா?"

"ஃபெயில் இல்ல சார். மறுபடி பாக்கணும், அவ்வளவுதான்" என்றார் நர்ஸ். "அதுக்கு முன்னாடி எச்சில்ல ஒரு கிருமி இருக்கான்னு பாத்துடுவோம். அக்கி, சின்னம்மைக்கெல்லாம் சொந்தக்காரக் கிருமி. பெரியவங்க முக்கால்வாசிப் பேருக்கு அது வந்ததே தெரியாது. வயித்துல இருக்கற குழந்தைக்கு ஒட்டிக்கிட்டா மட்டும் சில சமயம் காதைப் பிடிக்கும். சீக்கிரம் தெரிஞ்சா மருந்து இருக்கு."

"பால் ஏன் கூடாது?"

"தாய்ப்பால்லயும் அந்தக் கிருமி இருக்கலாம். அது வாயில தங்கியிருந்தா, குழந்தைக்கே இருக்கற மாதிரி காட்டிடும்."

ஆகவே போர்மேன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மனைவி அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை முதலில் முனகியது, பிறகு சிணுங்கியது, பிறகு அழுதது. அழ விடலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். கேட்டுவிட்டு வந்துவிடலாமென்று நர்ஸைத் தேடிப் போனார். திரும்பி வந்தபோது அறையில் அழுகைச் சத்தமே இல்லை. மனைவி கண்ணைத் திறக்காமலே குழந்தையை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, ஒரு மணி நேரம்னு சொன்னாங்களே."

"உங்ககிட்ட சொன்னாங்க. அவகிட்ட யார் சொன்னது?" என்றாள் அரைத் தூக்கத்தில்.

மறுபடி முதலிலிருந்து.

இந்தத் தடவை போர்மேன் உஷாரானார். பால் வயிற்றில் இறங்கியதும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார். அம்மாவும் பாலும் கண்ணில் படாவிட்டால் தொல்லை இல்லை என்பது அவர் கணக்கு. குழந்தையின் கணக்கு வேறாக இருந்தது. அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அது அவரைவிட வேகமாக அழுதது.

அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா, கை நிறையப் பைகளோடு படியேறி வந்தாள். பைகளைத் தரையில் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கினாள். என்ன மாயமோ, அழுகை நின்றது.

"அத்தைன்னு தெரியுது பாருடா" என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் குழந்தையின் வாயோடு வாய் வைத்து ஒரு முத்தம் கொடுத்தாள்.

"அக்கா, எச்சில் படக்கூடாது. உன் எச்சில்ல கிருமி இருக்கும்."

பட்டறை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. ரகசியம் சொன்னாலே மாடிப்படிவரை போகும். இதை அவர் ரகசியமாகவும் சொல்லவில்லை. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் தன் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அக்காவின் முகம் சுருங்கியது. "உனக்குச் சோறு மென்னு ஊட்டின வாய்டா இது."

"அதைத்தான் சொல்றேன். அப்ப எனக்கும் வந்திருக்கும்."

சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் அது அக்காவின் காதில் வேறு மாதிரி விழுந்தது. மூக்கைச் சிந்தியபடி கணவருக்கு போன் செய்தாள். வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்த மாமா இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"என் பொண்டாட்டிக்கு வியாதின்னு சொன்னியாமே."

"ஐயோ மாமா, அவளை மட்டும் சொல்லலை. உங்களுக்கும் இருக்கும். இங்க நிக்கற முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும்."

இப்போது பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரைச் சொல்றீங்க?" என்று ஒருவர் எழுந்தே விட்டார். நர்ஸ் ஓடி வந்து, அது யாரையும் ஒன்றும் செய்யாத கிருமி என்று எல்லோருக்கும் விளக்க வேண்டியதாயிற்று. போகிறபோது போர்மேனிடம், "முத்தத்துக்கும் சேத்து இன்னொரு மணி நேரம் பொறுங்க" என்றார்.

இவ்வளவும் போதாதென்று அறைவாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியவில்லை.

"வயித்துல இருக்கும்போது ஒட்டிக்கும்னா, என்கிட்டேயிருந்துதானே ஒட்டியிருக்கும்?" என்றாள் மெதுவாக. "என்னாலதான் அவளுக்குக் காது கேக்கலையா?"

மாமா தன் செருப்பைப் பார்த்தார். அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

போர்மேன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். "உள்ள வா. உக்காரு."

அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க பட்டறையில எல்லா மெஷினும் ஓடும்போது யாருக்கு என்ன கேக்கும்? ஒண்ணும் கேக்காது. அதுக்காக வேலை நின்னுடுதா? கையாலதான் பேசிக்கறோம். இது நிறுத்துன்னு அர்த்தம். இது கொஞ்சம் தள்ளுன்னு. இது" என்று கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார், "டீ வந்தாச்சுன்னு. இருபது வருஷமா இந்தப் பாஷை பேசறேன். இவளுக்குக் கேக்கலைன்னா, இவகிட்ட பேசறதுக்குப் பொறந்த அப்பன் நான்தான். வேற எவனுக்கு இந்தத் தகுதி இருக்கு?"

அதிலும் ஒரு பெருமை. மனைவிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"முதல்ல டீயைத்தான் கத்துக் கொடுப்பீங்க."

"அவசரத்துக்கு வேணும்ல."

அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து காவல் காத்தார்கள். பால் வாசம் எட்டாமல் மனைவி ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். அக்கா, முத்தம் கொடுத்த வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு குழந்தையை மடியில் வைத்து ஆட்டினாள். மாமா வாசலில் நின்றுகொண்டு, பார்க்க வந்தவர்களையெல்லாம் சாயங்காலம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். போர்மேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வந்து பஞ்சு சுற்றிய குச்சியைக் குழந்தையின் கன்னத்துக்குள் விட்டு மெல்லச் சுழற்றினார். பசியில் இருந்த குழந்தை அதைக் கவ்விக்கொண்டது. நர்ஸ் இழுத்தார், வரவில்லை.

"பிடியைப் பாத்தீங்களா சிஸ்டர்?" என்றார் போர்மேன். "பட்டறை வைஸ்ல மாட்டி இறுக்கின மாதிரி."

அடுத்து வந்த சில நாட்கள் அந்த வீட்டில் யாரும் அந்தக் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதிலேயே எல்லோரும் களைத்துப் போனார்கள். அக்கா தினமும் வந்து குழந்தையின் பாதத்தை மட்டும் முத்தமிட்டுவிட்டுப் போனாள். போர்மேன் தொட்டிலுக்கு மேலே குனிந்து, கைஜாடைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. எச்சிலில் கிருமி இல்லை.

அப்படியானால் காது? கிருமி என்றால் மருந்தாவது இருந்தது; இது இன்னும் பயமாக இருந்தது. மறுபரிசோதனைக்குப் போன அன்று போர்மேன் யாருக்கும் போன்கூடச் செய்யவில்லை. மனைவி குழந்தையோடு உள்ளே போக, அவர் வெளியே கதவைப் பார்த்தபடி, மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் நின்றார்.

கதவு திறந்தது. காது பரிசோதிக்கும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குது சார். பாம்புக் காது."

போர்மேன் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கி, நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குத் தெரியும். என் பொண்ணு ஃபெயிலாகற பொண்ணா? அன்னிக்கு உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு இருந்திருக்கணும்."

"மெஷின் நல்ல மெஷின்தான் சார்" என்றாள் அந்தப் பெண். "அன்னிக்கு டெஸ்ட் எடுக்கும்போது இந்தக் கதவுக்கு வெளியில எவரோ ஒருத்தர் நின்னுக்கிட்டு, தனக்குப் பொண்ணு பொறந்திருக்கறதை போன்ல ஒவ்வொருத்தருக்காக் கத்திச் சொல்லிட்டிருந்தாரு. அந்தச் சத்தத்துல மெஷினுக்குத்தான் காது கேக்கலை."