எண்பதாம் ஆண்டுக்குப் போன மணிக்கூடு

வெள்ளவத்தை,
24.08.1999

அன்பின் மைத்துனர் வரதராசாவுக்கு,

கதிர்காமத்தான் கிருபையால் நானும் உம்முடைய அக்கா நேசமலரும் நலம். அங்கே நீரும் பிள்ளைகளும் குளிரில் வாடாமல் சுகமாயிருக்க வேண்டுகிறோம். எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பேப்பர் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தீர். வேண்டாம். நேற்று என்னைப் பொலிஸ் பிடித்ததாக அக்கா போனில் அழுதிருப்பா. அது உண்மைதான், ஆனால் முடிந்த கதை.

எங்கள் பேஜர் கொம்பனிக்கு நேரம் கொடுக்கும் பெட்டி, ஆகாயத்துச் செய்மதிகளைக் கேட்டு ஓடும் பழைய சாமான். அது வாரங்களை எண்ணும். எண்ணிக்கை நிரம்பினால் பஸ்ஸின் மைல் மீற்றர் போலத் திரும்பப் பூச்சியத்துக்கு, அதாவது எண்ணத் தொடங்கிய 1980க்குப் போய்விடும். ஞாயிறு காலை அப்படிப் போய்விட்டது. திங்கள் நான் வேலைக்குப் போக, கொம்பனி முழுக்க 1980 ஜனவரி. மனேஜர் இஸ்ஸதீன் தலையில் கைவைத்தபடி இருந்தார். வீட்டு மொட்டைமாடியில் வைத்து நிம்மதியாகத் திருத்துகிறேன் என்று பெட்டியையும் அன்டெனாவையும் உரப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன் பாரும், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

கிருலப்பனைச் சோதனைச் சாவடியில் பொலிஸ்காரன் பையைத் திறக்கச் சொன்னான். "மேக்க மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். மணிக்கூடு என்று பவ்வியமாகச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். படித்த திமிரில், ஆகாயத்திலிருந்து செய்மதி இதற்கு நேரம் சொல்லும் என்று விளக்கமும் கொடுத்தேன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரன் அன்டெனாவையும் வைத்துக்கொண்டு செய்மதி கதைத்தால் விடுவானா? ஜீப் வந்துவிட்டது. கொழும்பில் தங்கும் தமிழன் என்று நான் பெயர் பதிந்திருக்கும், எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த பொலிஸ் நிலையத்துக்கே கொண்டுபோனார்கள்.

இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "மணிக்கூடு எண்டா ஓட்டிக் காட்டு" என்றார். பிளக்கைச் செருகினேன். 1980 ஜனவரி. "பத்தொம்பது வருசம் பிந்தின மணிக்கூடா? பொய் சொல்ல வேணாம்!" பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டால் உம்முடைய அக்கா யாரிடம் போய் அழுவா? "சேர், இதைத் திருத்திக் காட்டுறன்" என்றேன். திருத்துவதென்றால் அன்டெனா வானத்தைப் பார்க்கவேண்டும். பொலிஸ் நிலையக் கூரையில் அன்டெனா கட்டலாமா என்று கேட்ட முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் அதைப் பாம்பைப் பிடிப்பதுபோல யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க, இன்னொருவன் துவக்கோடு என் பக்கத்தில் நிற்க, நான் வருஷத்தைப் பெட்டிக்குள் அடித்தேன். செய்மதிகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. 1999 ஆகஸ்ட் 23! ரேடியோச் செய்தியோடு செக்கனும் ஒத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "ஹொந்தய், நல்லது, நீ போ. இது ஓடிக்கொண்டு இங்க இருக்கட்டும். ரெண்டு நாள் சரியாக் காட்டினா எடுத்துக்கொண்டு போ" என்றார். இன்று காலையும் சரியாகவே காட்டியதாம். ஆகவே ஸ்பொன்சர், கிஸ்பொன்சர் ஒன்றும் வேண்டாம். இந்த ஊரில் நியாயம் இன்னும் செத்துவிடவில்லை.

உமக்கும் மனைவிக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு வாழ முருகன் துணையிருப்பான்.

அன்புள்ள அத்தான்,
சிவபாதசுந்தரம்

பி.கு.: பெட்டிக்குள் இருக்கும் பற்றரி செத்து நாளாகிறது. கரண்ட் நின்றால் நான் அடித்த வருஷத்தை மறந்து அது 1980க்கே போய்விடும். இதைச் சொல்ல நேற்று எனக்குத் துணிவு வரவில்லை. மேலே கையெழுத்துப் போடும்போது ஃபேன் நின்று, சற்றுமுன்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. எங்களுக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரே கரண்ட் லைன். ஸ்பொன்சர் பேப்பரை உடனே அனுப்பும். வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. கடிதத்தை அக்கா தபாலில் சேர்ப்பா.