பண்டகசாலைச் சந்தில் மரம் எழுந்த வரலாறு

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தை, கிரேன் இல்லாமல், கயிறு இல்லாமல், ஒருவர் கையும் படாமல், தானாகவே எழுந்து நிற்க வைத்த குடியிருப்போர் சங்கம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது திருவொற்றியூரில் இருக்கிறது. ஜப்பான்காரனுக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்தால் பாவம், அவனுக்குத் தூக்கம் போய்விடும்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. சங்கத்தை நம்பாத ஆள் பண்டகசாலை இரண்டாவது சந்திலேயே ஒருத்தி இருந்தாள். ஆனால் சங்கச் செயலாளர் செல்வநாதன் எல்லாவற்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடம் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எழுதியதெல்லாம் நடந்தது, எழுதாதது எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் தென்னக ரயில்வேயில் எத்தனையோ பார்சல்கள் காணாமல் போகாமலேயே போயிருக்கின்றன.

மழைக்காலத்துக்கு முன்பாகவே சங்கம் 'பேரிடர் ஆயத்தம்' செய்துவிட்டது. தலைவர் தேவப்பிரியம் அண்ணாச்சி சாத்தாங்காட்டில் இரும்புக் குழாய் மொத்த வியாபாரி. பூர்வீகம் நாசரேத் பக்கம். அவரே நேரில் போய் ஒரு பழைய செயின் ரம்பத்தை, அதாவது மரம் அறுக்கிற மெஷினை, வாங்கி வந்தார். இரும்பை மதிப்பிட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மெஷினைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"ஏழு கிலோ நானூறு வே!" என்றார் சந்துக்குள் நுழையும்போதே. "புது மெஷினே அஞ்சு கிலோதான் இருக்காம். இது எம்புட்டு கனம் பாத்துக்கிடும்!"

விற்றவன் கயிற்றை இழுத்துக் காட்டியபோது அது பசித்த சிங்கம் போலக் கர்ஜித்தது. இதைச் செல்வநாதன் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, எழுதியும் வைத்தார். ஆகவே மெஷினில் அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை.

மறுநாள் ஆயுத பூஜை. பொருளாளர் தண்டபாணி மெஷினுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். அவர் ஒருவரே வைத்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்பதால், நாற்பத்திரண்டு வீட்டாரும் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு விரல் அப்பினார்கள். மெஷினின் ஒரு பக்கத்தில் சின்னச் சின்னதாகச் சில பிளவுகள் இருந்தன. சந்தனம் உட்காருவதற்கு அவை மிகவும் வசதியாக அமைந்தன. அடுத்த ஞாயிறு, கத்தோலிக்கக் குடும்பங்கள் மனம் கோணக் கூடாது என்று, மறுபக்கப் பிளவுகளின் மேல் செல்வநாதன் ஒரு வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரை ஒட்டினார். அண்ணாச்சி புராட்டஸ்டன்ட் சபைக்காரர், அவர் தம் பங்குக்கு மிச்சமிருந்த இடத்தில் ஒரு பைபிள் வசன ஸ்டிக்கர் ஒட்டினார்.

'மத நல்லிணக்கத்துக்கு இப்படி ஒரு மெஷின் இந்தியாவிலேயே இல்லை' என்று செல்வநாதன் எழுதினார். அது மூச்சு விட ஓர் ஓட்டைகூட பாக்கியில்லை என்பதை எழுதவில்லை. எழுதாததால் அப்படி ஒன்று நடக்கவில்லை.

பிறகு புயல் வந்தது. சந்தின் வாயில் நின்ற தூங்குமூஞ்சி மரம், வேர்ப் பந்தோடு பெயர்ந்து, வழியை மறித்துக் குறுக்கே படுத்துக்கொண்டது.

செல்வநாதன் விடிந்ததும் குடையோடு போய்ப் 'பாதிப்புக் கணக்கெடுப்பு' நடத்தினார். சந்தின் ஜனத்தொகை இருநூற்றுப் பதினொன்று. அதில் இருநூற்றுப் பத்துப் பேர் மரத்தைத் தாண்டிக் குதித்தோ குனிந்து நுழைந்தோ போய் வந்துகொண்டிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் ஒருவர். முழு எண்ணாகச் சுருக்கினால் பாதிப்பு பூஜ்யம் சதவீதம்.

அந்தப் பூஜ்யத்தின் பெயர் எல்சி. சங்கத்தை நம்பாதவள் என்று சொன்னேனே, அவளேதான். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் நிற்காது. பின்னால் இரண்டு கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தினமும் ராயபுரம் போய், ஒரு சரக்கு ஏஜென்சியில் பில் அடிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் எப்டி வேலைக்குப் போறது?" என்று கேட்டாள்.

"சங்கம் கவனத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறதும்மா" என்றார் செல்வநாதன். அவர் வாயால் பேசினாலும் எழுத்துதான் வரும்.

நாலு பேர் சேர்ந்து தினமும் வண்டியை அந்தப் பக்கம் தூக்கி வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். 'தற்காலிகத் தீர்வு' என்று அது நிராகரிக்கப்பட்டது. சங்கம் நிரந்தரத் தீர்வைத் தவிர வேறு எதையும் தொடாது. மூன்றாம் நாள், மரம் அறுக்க மெஷினோடு வந்த மாநகராட்சி ஆட்களையும் அண்ணாச்சி அந்த உறுதியோடுதான் திருப்பி அனுப்பினார். "எங்ககிட்ட சொந்த மெஷின் கெடக்கு வே. இல்லாத தெருவாப் பாத்துப் போங்க." வந்தவர்கள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே, பூஜை முடிந்ததிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த சொந்த மெஷின் ஊர்வலமாக இறக்கப்பட்டது. கயிற்றை இழுத்ததும் 'டுர்ர்' என்றது. விசையை அழுத்தியதும் இருமியது. கரும்புகையாக ஒரு மூச்சு விட்டு அணைந்தது. ஒன்பது முறை இழுத்தார்கள். ஒன்பது முறையும் அதே ஒழுங்கு, அதே கட்டுப்பாடு. இவ்வளவு நிதானமான மெஷினைச் செல்வநாதன் கண்டதில்லை.

உடனே 'கோளாறு கண்டறியும் உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் பிராங்கிளின். மீன்பிடித் துறைமுகத்தில் இருபது வருடமாகப் படகு இன்ஜின் பார்ப்பவன். அவன் காது வைத்துக் கேட்டான், முகர்ந்தான், ஒரு பீடி பற்றவைக்கப் போய்ப் பெட்ரோல் ஞாபகம் வந்து பையில் வைத்தான்.

"நைனா, இது படகு இன்ஜினோட சித்தப்பா புள்ள. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, கிருஷ்ணாயில்ல ஓட்டணும். நீங்க சொம்மா பெட்ரோலயே ஊத்திகினு கீறீங்கோ. அதுக்கு நாக்கு செத்துப்பூட்ச்சி."

மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. முன்பு கறுப்பாக வந்த புகை இப்போது கறுப்பாகவும் நாற்றமாகவும் வந்தது. 'முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதினார் செல்வநாதன்.

அடுத்த கூட்டத்தில் பிராங்கிளின் தலையில் அடித்துக்கொண்டான். "டிரம்ம மறந்துட்டேன் நைனா! எந்த இன்ஜினா இருந்தாலும் தண்ணி டிரம்முல வெச்சிதான் டெஸ்ட் பண்ணணும். இல்லாங்காட்டி சூடாயி புடிச்சிக்கும்."

படகு இன்ஜினுக்கு அதுதான் முறை. அதன் சுழல்விசிறி தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். ஆகவே ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ரம்பத்தின் பல்வரிசையை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்தார்கள். மெஷின் அரை நிமிடம் ஓடியது. அந்த அரை நிமிடத்தில் செயின் சுழன்று, டிரம்மில் இருந்த தண்ணீர் முழுவதையும் உயர்மட்டக் குழுவின் மேல் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது. அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்தபடி, "தண்ணி எறைக்க நல்ல மெஷின் வே" என்றார். அதுவும் பதிவானது.

எல்சி ஸ்கூட்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தின் வாய்வரை வருவாள், மரத்தைப் பார்ப்பாள், திரும்புவாள்.

"அண்ணாச்சி, அந்தச் சந்தனத்தத் தொடச்சுட்டுப் பாருங்கோ. காத்து போற வழில்லாம் அடச்சிகினு கீது. என் வண்டி ஃபில்டர்ல துணி மாட்டிக்கினப்ப இதே மாறிதான் கருப்பா பொக வுட்டுகினு நின்னுது."

அண்ணாச்சி ஓரக்கண்ணால் தண்டபாணியைப் பார்த்தார்.

"அவரு வச்ச சந்தனப் பொட்ட நான் தொடச்சா தண்டபாணி என்ன நெனப்பாரு?" என்றார் அண்ணாச்சி.

"சாமிக்கு வெச்சத நான் தொடமாட்டேம்ப்பா" என்றார் தண்டபாணி. "மாதா ஸ்டிக்கரக் கிழிச்சா செல்வநாதன் சார் மனசு இன்னா பாடுபடும்?"

செல்வநாதன் நெகிழ்ந்துபோனார். ஒருவர் மனத்தை ஒருவர் புண்படுத்தாமல் இருப்பதற்காக ஒரு சந்தே வழியில்லாமல் கிடக்கச் சம்மதிப்பதை அவர் வேறு எங்கே பார்த்திருக்கிறார்! 'உறுப்பினர் அல்லாத ஒருவர் மெஷினின் மத உணர்வைப் புண்படுத்தும் கருத்தைக் கூறினார். கண்டிக்கப்பட்டது' என்று எழுதிச் சிவப்பு மையால் கோடு போட்டார்.

இப்படிப் பதினெட்டு நாளில் ஏழு கூட்டம். பிளக்கை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். மெஷின் வைத்த மேசை தெற்கு பார்த்திருந்தது என்று மேசையை மாற்றினார்கள். ஏஜென்சியிலிருந்து எல்சிக்குப் போன் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சீட்டில் இல்லையென்றால் வேறு ஆள் போடப்போகிறார்களாம். அவள் அதைக் கூட்டத்தில் வந்து சொன்னாள். அண்ணாச்சி எழுச்சியோடு பதில் சொன்னார். உட்கார்ந்தபடிதான்.

"பயப்படாத தாயி! நம்ம சங்கம் மனசு வச்சா, விழுந்த மரம் தானா எந்திச்சு நிக்கும்!"

"ஆமா அண்ணாச்சி, எந்திரிச்சி நின்னு உங்களுக்கு சல்யூட்டு அடிக்கும். சொம்மா கலாய்க்காதீங்கோ" என்றாள் எல்சி.

'நம்பிக்கையின்மை' என்று குறித்துக்கொண்டார் செல்வநாதன்.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது கூட்டம் மரத்துக்கு எதிரிலேயே நடந்துகொண்டிருந்தது. மெஷினை மாற்றிவிட்டு இன்னும் கனமானதாக வாங்கலாமா என்பது பொருள். தேநீர் வந்தது. எல்லாரும் பஜ்ஜித் தட்டின் பக்கம் திரும்பிய நேரத்தில், எல்சியின் ஸ்கூட்டர் நேராக மேசையை ஒட்டி வந்து நின்றது. ஒரு ஈரத்துணி. மூன்றே இழுப்பு. சந்தனம் கட்டியாகப் பெயர்ந்து வந்தது.

"ஐயோ, பொட்டு!" என்று அலறினார் தண்டபாணி.

"தோ, எங்கியும் பூடல" என்று அந்தச் சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். மாதா ஸ்டிக்கரை நகத்தால் பதமாக உரித்துத் தன் வண்டியின் முகப்பில் ஒட்டினாள். வசனத்தை அதன் பக்கத்தில் ஒட்டினாள். பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபில்டரை மேசையில் நாலு தட்டுத் தட்டினாள். காய்ந்த சந்தனப் பொடி அண்ணாச்சியின் தேநீரில் விழுந்தது.

"பிராங்கிளின்ணா, அந்தக் கிருஷ்ணாயிலக் கொட்டு. பெட்ரோல்ல டூ-டி இன்ஜின் ஆயில் கலந்து ஊத்து. இப்ப இழு."

இழுத்தான். சிங்கம் திரும்பி வந்தது.

மத நல்லிணக்கம் குலையவில்லை, மெஷினும் ஓடுகிறது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று செல்வநாதன் பேனாவோடு திகைத்து உட்கார்ந்திருந்தார். அதற்குள் பிராங்கிளின் மரத்தடிக்குப் போய், வேரிலிருந்து ஓர் ஆள் உயரம் விட்டு அடிமரத்தை அறுக்கத் தொடங்கினான். மரத்தூள் பறந்தது. கடைசி விரற்கடை அறுந்ததும் கிளையும் தலையுமாக ஒரு பக்கம் தொப்பென்று விழுந்தது. பாரம் விட்டதுதான் தாமதம். இத்தனை நாள் அண்ணாந்து கிடந்த வேர்ப் பந்து, ஒரு பெருமூச்சோடு தன் பள்ளத்துக்குள் திரும்பிச் சரிந்தது. அதோடு அடிமரம் மெல்ல, மிக மெல்ல, நிமிர்ந்தது. பிராங்கிளின் மெஷினோடு பின்னால் தாவினான். மரம் எழுந்து நின்றது. நேராக. தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. அண்ணாச்சியின் கையில் இருந்த பஜ்ஜி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. முதலில் சுயநினைவுக்கு வந்தவர் அவர்தான்.

"எழுதும் வே! எழுதும்! நான் சொன்னேன்லா!"

செல்வநாதன் எழுதினார். அவருடைய கையெழுத்து அன்றைக்குப்போல் என்றைக்கும் ஒளிர்ந்ததில்லை. வெட்டிய துண்டுகளை இரவுக்குள் பிராங்கிளினும் நாலைந்து பேரும் உருட்டி ஓரத்தில் போட்டார்கள். அது எழுதப்படவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே பாராட்டு விழா. அதிசயம் நடந்த அதே இடத்தில்தான் நடத்த வேண்டும் என்று சந்தின் வாயில் குறுக்கே பந்தல் போட்டு, சுவருக்குச் சுவர் அறுபது நாற்காலி போட்டாயிற்று. நின்ற மரத்துக்கு மாலை. அண்ணாச்சிக்கு ஆள் உயர மாலை. மெஷினுக்குப் புதிதாகக் குழைத்த சந்தனம். உள்ளூர் யூடியூப் சேனலிலிருந்து கேமராவோடு வந்திருந்த செங்கொடி என்ற பெண் மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"மரம் தானா எழுந்துச்சுன்னு நீங்களே சொன்னா எப்படி சார்? சங்கத்துல இல்லாத ஆளு யாராவது சொல்லணும்."

செல்வநாதன் பெருமிதத்தோடு கையை நீட்டினார். வேலைக்குப் புறப்பட்டு வந்த எல்சி, கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தாள். ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களை நம்பாத ஒரே ஆள் இவங்கதான். இவங்களையே கேளுங்க. எல்சி, நேத்து என்னம்மா நடந்தது? உண்மையைச் சொல்லும்மா!"

மைக் கை மாறிக் கை மாறி அவளிடம் வந்தது. அண்ணாச்சி மாலையைச் சரி செய்துகொண்டார். அறுபது நாற்காலிகளும் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தன.

"எழுந்துச்சு" என்றாள் எல்சி. "நான் நம்பல, ஆனா என் கண்ணால பாத்தேன். பத்தொம்பது நாளா குறுக்கப் படுத்துகினு இருந்த மரமே எழுந்து எனுக்கு வழி வுட்ட்ச்சி. நீங்கோ எப்ப எழுந்துக்கப் போறீங்கோ?"